இந்த மாதம் கடைசி யார்

எனக்குக் கடைசியில் நிற்பது பிடிக்காது. ரேஷன் கடை வரிசையில் பிடிக்காது, கல்யாணப் பந்தியில் பிடிக்காது, சர்ச்சில்கூடப் பின்வரிசையில் உட்கார மாட்டேன். முணுக்கென்றால் கோபம் வரும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு, கடைசி இடத்துக்கு முறை போட்டுக்கொண்ட ஒரு கூட்டத்தில் நான் சேர்ந்தே இருக்கக் கூடாது. சேர்ந்தேன். சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் சேர்ந்தேன்.

செங்கல்பட்டுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் எனக்கு வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், இன்ன நோய், இன்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பது நாங்கள். டாக்டர் இருமுவார், காரில் போய்க்கொண்டே பேசுவார், வாயில் எதையோ மென்றுகொண்டு மருந்துப் பெயரைச் சொல்வார். எல்லாவற்றையும் தாண்டி வார்த்தையைப் பிடிக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வரும். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, நன்றாகவே வரும்.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. ஆபீஸில் அதை ஏ.ஐ. என்றார்கள். நாங்கள் எங்களுக்குள் ‘அது’ என்றோம், இல்லாவிட்டால் மெஷின். இனிமேல் அதுவே பேச்சைக் கேட்டு எழுதிவிடும், நாங்கள் திருத்தினால் போதும், நாங்கள் திருத்துவதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும் என்று ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார்கள். யாருடைய வேலையும் போகாது, வேலையின் தன்மைதான் மாறும் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸில் சமோசா கொடுத்தாலே எனக்குப் பயம்.

பயந்தது சரியாகத்தான் போயிற்று. முதலில் பக்கத்து அறை காலியானது. பிறகு எங்கள் அறையின் பின்பாதி நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது எங்கள் குழு ஒன்றுதான், ஒன்பது பெண்கள். அப்புறம் ஒருநாள் தண்ணீர் ஃபில்டருக்கு மேலே சுவரில் ஒரு டிவியை மாட்டினார்கள். மாதம் முழுக்க யார் எத்தனை வரி திருத்தினார்கள் என்பதை வைத்து எங்கள் பெயர்களை வரிசையாகக் காட்டும் டிவி அது. எத்தனை வரி என்று காட்டாது, யார் முதல், யார் கடைசி என்பது மட்டும் தெரியும். தொடர்ந்து இரண்டு மாதம் கடைசி இடத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போகலாம் என்று டீம் லீடர் சொன்னார். சென்னைப் பையன், எங்களில் பாதிப் பேரைவிட இளையவர். அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒன்பது பேரும் ஒரே வேனில்தான் போய் வருவோம். செய்யூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து நான் ஸ்கூட்டியில் கூவத்தூர் வந்து ஏறுவேன். அங்கிருந்து புதுப்பட்டினம், அணுபுரம், திருக்கழுக்குன்றம் என்று ஒவ்வொருவராக ஏறுவார்கள். திருக்கழுக்குன்றத்தில்தான் அக்கா ஏறுவாள். அவள் வீடு மாமல்லபுரம். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் அவளைத் திருக்கழுக்குன்றம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அப்படியே சவாரிக்குப் போய்விடுவார்.

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலம் நீச்சு உள்ள வீட்டில் பிறந்தவள். என் வீட்டில் அப்பா தலைமுறை வரைக்கும் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு மேஜையில் யார் யாரோடு பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்பதை நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். அது எங்கள் ஆட்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிற பழக்கம். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, அக்கா பேசிக்கொண்டே என் டப்பாவுக்குள் கையை விட்டுக் கருவாட்டுத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “இன்னாடி, இவ்ளோ காரம் போட்டு வெச்சிகிற” என்று தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அன்றைக்கு மத்தியானம் முழுக்க வேலை ஓடவில்லை.

கடைசி இடத்துக்கு முறை போடும் யோசனையும் அக்காவுடையதுதான். வேனில் நாங்கள் மாதச் சீட்டு நடத்திக்கொண்டிருந்தோம். ஒன்பது பேர் பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி டிபன் டப்பா மூடியில் போட்டுக் குலுக்குவோம். டிரைவர் அண்ணன் ஒன்றை எடுப்பார். யார் பெயர் வருகிறதோ அந்த மாதப் பணம் அவளுக்கு. டிவி மாட்டிய வாரம் எல்லோரும் செத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது அக்கா சொன்னாள்:

“ரெண்டு மாசம் தொடர்ந்து வந்தாத்தான தூக்குவானுங்க? மாசத்துக்கு ஒருத்தி கடைசியா வருவோம். அடுத்த மாசம் வேற ஒருத்தி. யாரும் ரெண்டாவது வாட்டி மாட்ட மாட்டோம். இன்னா சொல்றீங்க?”

வேனே அதிர்கிற மாதிரி சிரித்தோம். தப்பாக எதையும் எழுதக் கூடாது, அந்தப் பக்கம் ஒரு நோயாளி இருக்கிறார் என்பதை அக்காவே முதலில் சொன்னாள். வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். முறை வந்தவள் டிவியைக் கவனித்து, எல்லோருக்கும் கீழே தன் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். யாருடைய முறை என்று பார்க்க, டிரைவர் அண்ணன் இரண்டாவது தடவையாகப் பெயர்க் காகிதங்களை எடுத்தபோது, “இது இன்னா சீட்டு? துட்டே காணோம்” என்றார். நாங்கள் இன்னும் சிரித்தோம்.

முதல் மாதம் அணுபுரத்தில் ஏறும் தோழிக்கு வந்தது. இரண்டாவது மாதம் அக்கா. மூன்றாவது நான்.

முதல் இரண்டு மாதமும் சொல்லி வைத்த மாதிரி நடந்தன. அக்கா தன் மாதத்தில் கவலையே இல்லாமல் கடைசியில் இருந்தாள். டீம் லீடர் கூப்பிட்டு எச்சரித்ததற்கும் தலையாட்டிவிட்டு வந்து, “நல்லா திட்டுனாரு, பாவம், டீ கூடக் குடிக்கல” என்றாள். அடுத்தது என் மாதம். அதில் நான் கடைசியில் இருந்தால் அக்கா பிழைப்பாள். நான் மேலே ஏறி அவள் கீழே இறங்கினால் போய்விடுவாள். அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கு வழியில்லை.

மெதுவாக வேலை செய்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த மாதம்தான் கண்டுகொண்டேன். விரல் தானாக ஓடும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போனேன். போகும்போதெல்லாம் தலைக்கு மேலே டிவியில் என் பெயர் எல்லாவற்றுக்கும் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். கூரியர் கொடுக்க வந்தவன்கூட அதைப் படித்துவிட்டு என்னைப் படித்த மாதிரி இருந்தது. எனக்கென்று வந்த மாதத்தைச் சபித்துக்கொண்டு எப்படியோ மூன்று வாரம் ஓட்டினேன்.

நாலாவது வாரம் அக்காவின் பையனுக்கு டெங்கு. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா லீவு போட்டாள். மெஷினுக்கு லீவு என்றால் என்ன தெரியும், அவள் பெயர் தினமும் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வந்து என் பெயருக்கு நேர் மேலே நின்றது. நான் இன்னும் குறைக்க வேண்டும். கிட்டத்தட்டக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

மாதத்தின் கடைசிப் புதன்கிழமை. டீம் லீடர் என்னைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், அவரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. “என்னங்க, உடம்பு சரியில்லையா? உங்க பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு ஒரு சான்ஸ் கொடுக்கலாம்னு மேல நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். இப்ப என்னைக் கேக்கறாங்க” என்றார்.

உங்க பக்கத்துலேர்ந்து. அவர் செய்யூரைச் சொன்னாரோ, தூரத்தைச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரை கேட்கவில்லை. எனக்குக் கேட்டது வேறு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்கியபோது, யாரைப் பார்த்து எழுதினாய் என்று வாத்தியார் கேட்டது காதில் விழுந்தது. காலேஜில் சீட் கிடைத்தபோது, உங்களுக்கென்னம்மா, அப்ளிகேஷன் போட்டால் போதும் என்று ஒருத்தி சொன்னது கேட்டது. உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது. இடத்துக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் அடித்த அடி! சாப்பாட்டுக்குக்கூடச் சரியாக எழுந்திருக்கவில்லை. மென்று பேசுகிற டாக்டர், இருமுகிற டாக்டர், எல்லோரையும் ஒரே தடவை கேட்டுத் திருத்தித் தள்ளினேன். மெஷின் உளறி வைத்த இடங்களையெல்லாம் வெறியோடு சரி செய்தேன். வியாழக்கிழமை மத்தியானம் என் பெயர் ஒரு படி மேலே ஏறியது. அக்காவின் பெயர் அடிக்குப் போனது.

அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். வேறு எதைச் சொல்வதைவிடவும் இதைச் சொல்லத்தான் எனக்குக் கூசுகிறது.

வேனில் அணுபுரத்துத் தோழி கேட்டுவிட்டாள். “ஏய், நீ மேல ஏறிட்ட, அக்கா கீழ கீது. பாத்தியா?”

“நான் மெதுவாத்தான் பண்ணிகினு கீறேன். அக்கா வரவே இல்லல்ல, அதான் எறங்கிடுச்சு. திங்கக்கெழம வந்தா சரியாயிடும்” என்றேன்.

“அப்ப நாளைக்கு மௌஸையே தொடாத.”

“சரி.”

மறுநாளும் தொட்டேன். என் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. மாதம் திங்கட்கிழமைதான் முடிகிறது. திங்களன்று அக்கா வருவாள். அன்று நான் சும்மா உட்கார்ந்துவிட்டால் அவள் என்னைத் தாண்டிவிடுவாள். டீம் லீடருக்கு நான் யார் என்று காட்டின மாதிரியும் ஆயிற்று, அக்காவைக் காப்பாற்றின மாதிரியும் ஆயிற்று. எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள், எல்லோருக்கும் நல்லவளாக இருக்கிற கணக்கு. மூன்று நாள் வெறியோடு அடித்ததை அக்கா ஒரே நாளில் எட்டிப் பிடிப்பாளா என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி. யோசித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. கணக்கை வெள்ளிக்கிழமை சாயங்காலமே மூடிவிட்டார்கள். அதைப் பற்றி எங்களுக்கு மெயில் வந்திருந்தது. அந்த வாரம் மெயிலைத் திறக்க எனக்கு ஏது நேரம்.

திங்கட்கிழமை அக்கா வந்தாள். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் வேனில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் அவளைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டாள். வேன் சாயங்காலம்தான் என்பதால் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக நடந்தாள். ஜன்னல் வழியாக அவள் ரோட்டைக் கடந்து போவதை எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் வேனில் எல்லோரும் அழுதார்கள். புதுப்பட்டினத்துக்காரி என் தோளைத் தட்டி, “நீ இன்னாடி பண்ணுவ, பாவம், மாசம் பூரா கீழ ஒக்காந்திருந்த” என்றாள். நானும் அழுதேன். அவர்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல.

இதோடு நின்றிருந்தால் கோபம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அடுத்த வாரம் நடந்ததற்குக் கோபம் காரணமில்லை.

அணுபுரத்துத் தோழியின் வீட்டுக்காரர் காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர். லேபர் ஆபீஸ் வாசல் அவருக்குத் தெரியும். அவரிடம் விசாரித்துக்கொண்டு வந்து அவள் வேனில் சொன்னாள்: “புள்ளைய ஆஸ்பத்திரில வெச்சிகினு லீவு போட்டத கணக்குல சேக்கறது தப்பாம். நாம எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு மனு குடுக்கலாம். அந்த மாசம் யாரு எந்தெந்த நாளு எத்தினி வரி பண்ணாங்கன்னு நம்ம கம்ப்யூட்டர்லயே கீது. அவங்கவங்க எடுத்துக் குடுத்தா போதும். அக்கா வந்த நாள்லலாம் நம்மளவிட நல்லா பண்ணிகிதுன்னு காட்டிடலாம். அக்காவ மறுபடி எடுத்துகினாலும் எடுத்துகுவாங்க.”

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. எனக்கு அவள் சொன்னதில் ஒன்றுதான் காதில் நின்றது. அவங்கவங்க எடுத்துக் குடுத்தா போதும். அந்தப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் என் கணக்கில் மலை மாதிரி நிற்கும். சின்னக் குழந்தை பார்த்தாலும் புரியும்.

“வேணாம்” என்றேன்.

“ஏன்டி?”

“மனு குடுத்தா மொத வேலையா நம்ம எட்டுப் பேரையும் அனுப்பிட்டு, அந்த மெஷினையே முழுசா வெச்சிகுவாங்க. அவங்களுக்கு ஒரு சாக்குதான வேணும்? யோசிச்சிப் பாருங்க. அக்காவே வேணாம்னுதான் சொல்லும்.”

எங்கள் வேனில் நான்தான் தைரியசாலி. யாரோடும் சண்டைக்கு நிற்பவள். நானே பயப்படுகிறேன் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். அணுபுரத்துத் தோழி மட்டும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனு அன்றைக்கே செத்தது. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாகத்தான் இருந்தது. வேறு யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம், என்னைத் தவிர.

மாதாமாதம் கடைசி இடத்துக்கு முறை போடுவது இன்னும் நடக்கிறது. மூடியில் இப்போது எட்டுக் காகிதம். டீம் லீடர் என்னைப் பாராட்டி, மெஷினின் தப்புகளைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருக்கிறார். அந்த மூன்று நாள் நான் வெறியோடு திருத்தியது மெஷினுக்கு ரொம்ப உபயோகமாக இருந்ததாம். நன்றி சார் என்றேன்.

அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு வேலை வந்துவிடும். வராவிட்டால் வரவழைத்துக்கொள்வேன். கடைசியில் ஒருநாள் சர்ச் முடிந்து வீட்டுக்குப் போகாமல், காலையிலேயே டப்பாவில் கட்டியெடுத்து வந்த சோறும் கருவாட்டுக் குழம்புமாக ஈ.சி.ஆர். பஸ் ஏறிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். மாமல்லபுரம் வரும் வரைக்கும் முதல் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா, அந்த மாசம் நான் மெதுவா பண்ணல. அவ்வளவுதான் வாக்கியம். சின்னதுதான்.

அக்கா இப்போது கடற்கரை ஓட்டல் ஒன்றில் ரூம் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறாள். பின்பக்க கேட்டில் சொல்லி அனுப்பினேன். சாப்பாட்டு நேரம் என்பதால் உடனே வந்தாள். சாம்பல் நிற யூனிஃபார்ம், கையில் பிளீச்சிங் வாசனை. கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எப்டி கீற? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா? வேன்ல எல்லாரும்?”

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்துக் கொடியில் வெள்ளை பெட்ஷீட்டுகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. தன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் என் டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒரு வாய் சாப்பிட்டு, “காரம் கொறையவே இல்ல உனக்கு” என்றாள். பெட்ஷீட்டை எப்படி இழுத்துச் சொருக வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை ரூம் முடிக்க வேண்டும், இடுப்பு எப்படி வலிக்கிறது என்று சொன்னாள். இங்கேயும் யார் அதிக ரூம் முடிக்கிறார்கள் என்று போனில் காட்டுகிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். “அக்கா” என்றேன்.

“இரு, மொதல்ல நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள். கையிலிருந்த சோற்றை டப்பாவில் வைத்துவிட்டாள். “உன் மொகத்த பாத்து சொல்லணும்னுதான் போன்ல சொல்லல. உன் மாசத்த நான் கெடுத்துட்டேன்டி. உன் கோவத்துக்கு, மாசம் பூரா எல்லாரு முன்னாடியும் கடைசில ஒக்காந்துகினு இருந்த, எனக்கோசரம். ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு போன் பண்ணி, நான் வர மாட்டேன், இன்னும் கொஞ்சம் கம்மியா பண்ணுன்னு சொல்லி இருந்தா நீ பண்ணி இருப்ப. எனக்குத் தோணல பாரு. நீ பட்ட அவமானம்லாம் வீணாப் பூட்ச்சி. என்மேல கோவமா இருப்ப, அதான் வரலன்னு நெனச்சிகினு இருந்தேன். மனசுல வெச்சிக்காதடி.”

அவள் கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் என் நாக்கு நுனியில் அப்படியே இருந்தது.

“பரவால்லக்கா, விடு” என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். மறுபடி என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். நான் அவளை மன்னித்துவிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.